சென்னையில் வசிக்கும் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர்கள் குழந்தையைத் தத்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

சென்னைக்குக் குடிவந்த ஆறாம் மாதம், தெரிந்தவர் மூலமாக ஒருவர் போன் செய்தார். "மேடம், ஒரு நர்சிங் ஹோம்ல அடுத்த மாசம் டெலிவரி. பொண்ணு வீட்ல வளர்க்க முடியாதுங்கிறாங்க. சப் ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல ஒரு தத்துப் பத்திரம் போட்டா முடிஞ்சது. உங்களுது ஃபாரின் பாஸ்போர்ட், அதனால கொஞ்சம் செலவாகும்."

அன்று இரவு நானும் என் கணவரும் தூங்கவில்லை. பதினொரு வருடம் காத்திருந்தவர்களை அப்படி ஒரு போன் என்ன பாடுபடுத்தும் என்பது காத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். மறுநாள் காலை வக்கீல் நண்பர் ஒருவரிடம் சொன்னோம். அவர் கேட்டது ஒரே கேள்வி: "அந்தக் குழந்தைக்கு நாளைக்கு எந்த நாட்டு பாஸ்போர்ட் வாங்குவீங்க?" எங்களிடம் பதில் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

இந்த வழிகாட்டி அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே போகிறது. நாங்கள் இருவரும் தமிழ்நாட்டில் பிறந்தவர்கள். ஐரோப்பிய நாடு ஒன்றின் குடியுரிமை பெற்று, வேலைக்காகச் சென்னை திரும்பி, திருவான்மியூரில் வசிக்கிறோம். மகள் எங்களிடம் வந்தபோது அவளுக்கு ஆறு வயது. அவள் கதை அவளுடையது என்பதால் ஊர்ப் பெயர், நாட்டின் பெயர், இல்லத்தின் பெயர் எதையும் சொல்லப் போவதில்லை. நடைமுறையை மட்டும் முழுதாகச் சொல்கிறேன்.

முதலில் நீங்கள் எந்தப் பிரிவு என்று பாருங்கள்

பிறந்த ஊர், பேசும் மொழி, ரேஷன் கார்டில் இன்னும் இருக்கும் பெயர் எதுவும் இங்கே கணக்கில் வராது. கையில் இருக்கும் பாஸ்போர்ட்டும் வசிக்கும் நாடும்தான் வழியைத் தீர்மானிக்கின்றன.

உங்களிடம் இந்தியப் பாஸ்போர்ட், ஆனால் துபாயிலோ லண்டனிலோ வசிக்கிறீர்கள் என்றால் நீங்கள் என்.ஆர்.ஐ. குழந்தை ஒதுக்கீட்டில் இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்குச் சமமாக வைத்துப் பார்க்கப்படுவீர்கள். ஆனால் விண்ணப்பம் நீங்கள் வசிக்கும் நாட்டிலிருந்துதான் வர வேண்டும். அங்கே இந்தியா அங்கீகரித்த தத்து நிறுவனமோ அந்த நாட்டு மத்திய அமைப்போ இருந்தால் அவர்கள் வழியாக. வளைகுடா நாடுகளைப் போல அப்படி எதுவும் இல்லாத இடத்தில் இந்தியத் தூதரகம் வழியாக. லீவில் சென்னை வந்து பெற்றோர் வீட்டு முகவரியில் பதிவு செய்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சமூகப் பணியாளர் வந்து செய்யும் வீட்டாய்வின்போது பாஸ்போர்ட் முத்திரைகளே உண்மையைச் சொல்லிவிடும். அதைச் செய்யாதீர்கள்.

ஓ.சி.ஐ. கார்டோ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வெறும் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோ வைத்துக்கொண்டு வெளிநாட்டிலேயே வசிப்பவர்களுக்கும் அங்குள்ள அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம்தான் வாசல்.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு சென்னையிலேயே வசிப்பவர்களுக்குத் தனி வழி உண்டு. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 59ஆவது பிரிவின் 12ஆம் உட்பிரிவு. இந்தியாவில் வழக்கமாக வசிக்கும் வெளிநாட்டவர், தம் நாட்டுத் தூதரகத்தின் தடையின்மைச் சான்றோடு, காரா என்று எல்லோரும் சொல்லும் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்திடம் நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்கிறது அது. உங்கள் நாடு, நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான 1993ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்திருக்க வேண்டும். நீங்கள் இந்தியாவில் ஒரு வருடமாவது வசித்திருக்க வேண்டும். பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ், கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, இலங்கை எல்லாம் அந்த உடன்படிக்கையில் இருக்கின்றன. சிங்கப்பூரும் மலேசியாவும் இல்லை. நம் ஊரில் அந்த இரண்டு பாஸ்போர்ட்டும் வைத்திருக்கும் குடும்பங்கள் நிறைய. அவர்கள் காராவுக்கு மின்னஞ்சல் எழுதி, தங்களுக்கு என்ன வழி என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே அடுத்த வேலையைத் தொடங்குவது நல்லது.

கணவன் மனைவியில் ஒருவர் இந்தியர், மற்றவர் வெளிநாட்டவர், இருவரும் இங்கேயே வசிக்கிறார்கள் என்றால் இந்தியத் தம்பதியைப் போலவே நடத்தப்படுவார்கள். பலருக்கு இது தெரியாமல் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள்.

பத்திரம் போட்டால் போதுமா?

போதாது. நம் ஊரில் சுவீகாரம் என்பது பழைய வழக்கம். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி, இந்துக்கள் 15 வயது நிறையாத குழந்தையைத் தத்துக் கொடுக்கவும் வாங்கவும் செய்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதியலாம். உள்ளூரிலேயே வாழப்போகிறவர்களுக்கு அது செல்லும். வெளிநாட்டுக்குக் குழந்தையை அழைத்துப்போக அந்தப் பத்திரம் மட்டும் உதவாது. 2021 செப்டம்பரில் தத்தெடுப்பு ஒழுங்குமுறையில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, இந்த 1956 சட்டப்படி தத்தெடுத்தவர்களும் மாவட்ட ஆட்சியரின் சரிபார்ப்பும் காராவின் தடையின்மைச் சான்றும் பெற்றே குழந்தையை நாட்டை விட்டு அழைத்துப்போக முடியும். அதற்கு நீங்கள் போகும் நாட்டின் சம்மதமும் தேவை. பத்திரத்தைப் பதிந்துவிட்டு, தாத்தா பாட்டியிடம் குழந்தையை விட்டுவிட்டு, வருடக் கணக்கில் விசாவுக்கு அலையும் குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தைகளுக்கு அம்மா அப்பா வாட்ஸ்அப் வீடியோவில் மட்டும் இருக்கிறார்கள்.

கிறிஸ்தவர்கள், முஸ்லிம்களுக்கு அந்த 1956 சட்டம் பொருந்தாது. 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் கொடுப்பது பாதுகாவலர் உரிமை மட்டும்தான், அதில் பிள்ளை உங்கள் பிள்ளை ஆவதில்லை. இளைஞர் நீதிச் சட்டம் எல்லா மதத்தினருக்கும் பொது. 2014இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

எங்களுக்கு வந்த போனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முறையான உத்தரவு இல்லாமல் குழந்தையை வெளிநாட்டுக்கு அழைத்துப்போனாலோ, அனுப்ப ஏற்பாடு செய்தாலோ மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்து வருடம் வரை கடுங்காவல் தண்டனைக்கு உரிய குற்றம். மருத்துவமனை ஊழியர் செய்தால் குறைந்தது மூன்று, அதிகபட்சம் ஏழு வருடம். தண்டனையை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தக் குழந்தையைப் பெற்ற பெண் மனதாரச் சம்மதித்தாரா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். முறையாக ஒப்படைக்கும் தாய்க்கு மனம் மாற இரண்டு மாத அவகாசத்தைச் சட்டம் கொடுக்கிறது. அதற்குப் பிறகுதான் குழந்தைகள் நலக் குழு அந்தக் குழந்தையைத் தத்துக்குத் தகுதியானது என்று அறிவிக்கும். அந்த இரண்டு மாதத்தை எந்தத் தாயிடமிருந்தும் பறிக்க நமக்கு உரிமை இல்லை. இப்படி ஒரு போன் உங்களுக்கு வந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் சொல்லுங்கள்.

வயதுக் கணக்கு

2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைப்படி தம்பதியின் வயதைக் கூட்டிப் பார்க்கிறார்கள். இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குக் கூட்டு வயது 85ஐத் தாண்டக் கூடாது. இரண்டிலிருந்து நான்கு வயதுக் குழந்தைக்கு 90, நான்கிலிருந்து எட்டுக்கு 100, எட்டிலிருந்து பதினெட்டுக்கு 110. தனி ஆளாகத் தத்தெடுப்பவருக்கு இதே வரிசையில் 40, 45, 50, 55. உங்களில் எவருக்கும் குழந்தைக்கும் 25 வயதுக்குக் குறையாத இடைவெளி வேண்டும். திருமணமாகி இரண்டு வருடமாவது நிலையாக வாழ்ந்திருக்க வேண்டும். தனியாக இருக்கும் ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. தனியாக இருக்கும் பெண்ணுக்கு அந்தத் தடை இல்லை. ஏற்கெனவே இரண்டோ அதற்கு மேலோ பிள்ளைகள் உள்ளவர்களுக்குச் சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளும், வீடு கிடைப்பது கடினமான குழந்தைகளும் மட்டுமே ஒதுக்கப்படுவார்கள்.

பதிவு செய்தபோது என் கணவருக்கு 47, எனக்கு 44. கூட்டினால் 91. ஒரே ஒரு எண்ணில் சின்னக் குழந்தைக்கான வாய்ப்பு போனது. அன்று அழுதேன். இன்று அந்த 91க்குத்தான் நன்றி சொல்கிறேன்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். ஒரு குழந்தை தத்துக்குத் தகுதியானது என்று அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் இந்தியப் பெற்றோரோ என்.ஆர்.ஐ. பெற்றோரோ கிடைக்காவிட்டால்தான் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களுக்கு அந்தக் குழந்தை வரும். ஐந்து வயது தாண்டிய குழந்தைகள், அண்ணன் தங்கையாகச் சேர்ந்து இருப்பவர்கள், உடல் அல்லது மனக் குறைபாடு உள்ளவர்கள் ஆகியோருக்கு வெளிநாட்டுத் தத்தில் முன்னுரிமை கொடுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. நமக்கு வரக்கூடியது பெரும்பாலும் அந்தக் குழந்தைகள்தான். கைக்குழந்தை மட்டும்தான் வேண்டும் என்றால் வருடங்கள் ஓடிவிடும். இதைக் கணவன் மனைவி இருவரும் மாமியார், அம்மா எல்லோரோடும் உட்கார்ந்து பேசி முடித்த பிறகே பதிவுக்குப் போங்கள்.

தூதரகக் கடிதம்: எங்கள் ஏழு மாதம் போன இடம்

இந்த வழியில் மிகவும் கடினமான படி இதுதான். எங்கள் தூதரகத்தில் முதலில் கொடுத்தது பொதுவான ஒரு கடிதம்: "இவர்கள் எங்கள் குடிமக்கள், தத்தெடுக்க எங்களுக்கு ஆட்சேபம் இல்லை." அது போதவில்லை. திரும்ப எழுதி வாங்குவதற்குள் ஏழு மாதம் போய்விட்டது.

கடிதத்தில் மூன்று விஷயம் தெளிவாக இருக்கும்படி முதலிலேயே கேளுங்கள். உங்கள் நாட்டுச் சட்டப்படி நீங்கள் தத்தெடுக்கத் தகுதியானவர்கள் என்பது. தத்தெடுத்த குழந்தை அந்த நாட்டுக்குள் நுழைந்து நிரந்தரமாக வாழவும் குடியுரிமை பெறவும் அனுமதி உண்டு என்பது. நீங்கள் இந்தியாவை விட்டுப் போனால் குழந்தையின் நலன் பற்றிய அறிக்கைகள் தொடர்ந்து வரும் என்பது.

சென்னையில் பல நாடுகளின் துணைத் தூதரகங்கள் இருக்கின்றன. ஆனாலும் தத்து விவகாரம் பெரும்பாலும் டெல்லித் தூதரகத்துக்கோ, உங்கள் நாட்டின் தத்தெடுப்பு மத்திய அமைப்புக்கோதான் போகும். நேரில் போய் வரிசையில் நிற்பதற்கு முன்னால் மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். சில நாடுகள் வெளிநாட்டில் வாழும் தம் குடிமக்களுக்கு இந்தக் கடிதத்தைத் தருவதே இல்லை. அப்படியானால் அங்குள்ள தத்து நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டியிருக்கும். அதனால் பதிவுக் கட்டணம், மருத்துவச் சான்று எதையும் தொடங்கும் முன் இந்தக் கடிதம் கிடைக்குமா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆவணங்களும் அந்த இனிஷியலும்

பாஸ்போர்ட், விசா அல்லது ஓ.சி.ஐ. கார்டு, பிறப்புச் சான்று, திருமணச் சான்று, வருமானச் சான்று, மருத்துவச் சான்று, போலீஸ் சான்று, குடும்பப் புகைப்படம், உங்களை நன்றாகத் தெரிந்த இரண்டு பேரின் பரிந்துரைக் கடிதம். வீட்டில் ஏற்கெனவே ஐந்து வயது தாண்டிய பிள்ளை இருந்தால் அவர்களின் சம்மதம். தனியாகத் தத்தெடுப்பவர் என்றால், தமக்கு ஏதாவது ஆனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்வேன் என்று உறவினர் ஒருவர் எழுதித்தரும் உறுதிமொழி. வெளிநாட்டுச் சான்றுகளுக்கு, அவை உண்மையானவை என்று அந்த நாட்டு அரசு உறுதி செய்யும் அப்போஸ்டில் முத்திரை.

விசாவில் இருப்பவர்களுக்கு நுங்கம்பாக்கம் ஹேடோஸ் ரோடு சாஸ்திரி பவனில் உள்ள வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் பதிவே வசிப்பிட ஆதாரம். ஓ.சி.ஐ. வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பதிவு கிடையாது. அதனால் வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு, கேஸ் பில் என்று ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ச்சியாக வசிப்பதைக் காட்டும் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

சரி, இப்போது பெயருக்கு வருவோம். தமிழர்களுக்கென்றே அமைந்த தலைவலி இது. என் கணவரின் பள்ளிச் சான்றிதழில் ஓர் இனிஷியலும் பெயரும். பழைய இந்தியப் பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து அப்பா பெயர் குடும்பப் பெயர் ஆனது. புதிய பாஸ்போர்ட்டில் அவர் பெயர் குடும்பப் பெயராகவும், மாமனார் பெயர் முதல் பெயராகவும் தலைகீழாக மாறியிருந்தது. திருமணச் சான்றில் வேறு எழுத்துக்கூட்டல். என்னுடையதில் கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல். இப்படி நான்கு தாள்களில் நான்கு மனிதர்கள். இதைச் சரிசெய்யாமல் போனால் தத்து உத்தரவில் ஒரு பெயர், பிறப்புச் சான்றில் ஒரு பெயர், குழந்தையின் பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்று ஆகிவிடும். அப்புறம் குடியுரிமை கேட்கும் இடத்தில் இவர்கள்தான் அந்தப் பெற்றோர் என்று நிரூபிக்கும் வேலை குழந்தை தலையில் விழும்.

நாங்கள் செய்தது இதுதான். இப்போதைய பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயர்தான் எல்லா இடத்திலும் என்று முடிவு செய்தோம். எல்லாப் பெயர்களும் ஒரே நபரைக் குறிக்கின்றன என்று நோட்டரி பிரமாண வாக்குமூலம் வாங்கினோம். ஒரு வெள்ளைத் தாளில் இருவர் பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெரிய எழுத்தில் அச்சடித்து, ஒவ்வோர் அலுவலகத்திலும் தட்டச்சு செய்பவரின் மேசையில் அந்தத் தாளை வைத்தோம். வாயால் சொல்லாதீர்கள்.

பதிவும் வீட்டாய்வும்

பதிவு காராவின் இணையதளத்தில்தான். உங்கள் பிரிவைச் சரியாகத் தேர்ந்தெடுத்து ஆவணங்களை ஏற்ற வேண்டும். இடைத்தரகர் தேவையே இல்லை. மாநில அளவில் இதைக் கவனிக்க மாநிலத் தத்தெடுப்பு வள முகமை உண்டு, மாவட்டத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. சந்தேகம் இருந்தால் அலகுக்கு நேரில் போங்கள். எங்களுக்கு அங்கே பொறுமையாகப் பதில் சொன்னார்கள்.

பிறகு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். வீடு பளபளவென்று இருக்கிறதா என்று பார்க்க வருகிறார் என்று நினைத்து நான் இரண்டு நாள் துடைத்தேன். வந்தவர் ஹாலைப் பார்க்கவே இல்லை. சமையலறை வாசலில் நின்றபடி என் மாமியாரிடம், "அம்மா, இந்தப் பிள்ளை உங்க பேரப்பிள்ளைன்னு கல்யாணப் பத்திரிகையில பேர் போடுவீங்களா?" என்று கேட்டார். அத்தை ஒரு நிமிடம் பேசவில்லை. "முதல்ல போடுவேனான்னு தெரியலையேம்மா, பழகினா போடுவேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சமூகப் பணியாளரோ அதைக் குறித்துக்கொண்டு, "உண்மையைச் சொன்னீங்க, அது போதும்" என்றார். அடுத்த முறை வந்தபோது அத்தையிடம் மட்டும் ஒரு மணி நேரம் பேசினார்.

வருமானம், சண்டை, குழந்தை இல்லாத வலி, திடீரென்று அவர் வேலை மாறினால் எந்த நாட்டுக்குப் போவீர்கள், குழந்தையின் நிறம் பற்றிச் சொந்தக்காரர் பேசினால் என்ன செய்வீர்கள் என்று எல்லாம் கேட்பார்கள். மனப்பாடம் செய்த பதில் வேண்டாம். அறிக்கை மூன்று வருடம் செல்லும். இடையில் வீடு மாறினாலோ வேலை மாறினாலோ தெரிவியுங்கள்.

குழந்தையின் விவரம் வரும் நாள்

காத்திருப்பு நீளும். ஒரு நாள் போனில் செய்தி வரும். புகைப்படத்தோடு இரண்டு அறிக்கைகள் இருக்கும்: குழந்தையின் பின்னணி பற்றியது ஒன்று, உடல்நலம் பற்றியது ஒன்று. படத்தைப் பார்த்ததும் மனது முடிவெடுத்துவிடும். ஆனாலும் உடல்நல அறிக்கையை உங்கள் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒதுக்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் இரண்டு அறிக்கையிலும் கையெழுத்துப் போட்டு ஏற்க வேண்டும். அதற்குள் நேரில் போய்ப் பார்க்கலாம், வேண்டுமானால் மறுபடி பரிசோதனையும் செய்துகொள்ளலாம்.

எங்கள் மகளின் அறிக்கையில் இடது காதில் கேட்கும் திறன் குறைவு என்று இருந்தது. மருத்துவர் படித்துவிட்டு, "கேட்கும் கருவி வைத்தால் சமாளித்துவிடலாம், பள்ளியில் வலது காது டீச்சர் பக்கம் இருக்கும்படி உட்கார வையுங்கள்" என்றார். அந்த ஒரு வரி எங்கள் பயத்தைப் பாதியாக்கியது. முடியாது என்று தோன்றினால் மறுப்பதும் தவறில்லை. அரைமனதோடு ஏற்றுப் பிறகு திருப்பி அனுப்பப்படும் குழந்தை படும் பாடு அதைவிடப் பல மடங்கு.

ஏற்ற பிறகு காரா தடையின்மைச் சான்று தரும். அது வந்ததும், இறுதி உத்தரவுக்குக் காத்திருக்காமல், தத்துக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பு என்ற ஏற்பாட்டில் குழந்தையை வீட்டுக்கு அழைத்து வரலாம்.

முதல் நாளே அவள் என்னை "அம்மா" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது, இல்லத்தில் பார்த்துக்கொள்ளும் எல்லாரும் அவளுக்கு "அம்மா"தான். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இன்னைக்கு நைட்டு யாரு டியூட்டி?" என்று கேட்பாள். நான்தான் என்பேன். "நாளைக்கு?" நாளைக்கும் நான்தான். "நாளன்னைக்கு?" ஐந்து வாரம் தினமும் இந்தக் கேள்வி. லைட்டை அணைக்கவும் விடமாட்டாள், இல்லத்தில் ட்யூப்லைட் ராத்திரி முழுக்க எரியுமாம். பெரிய குழந்தையை அழைத்து வருபவர்கள் முதல் இரண்டு மாதம் சொந்தக்காரர் கூட்டம், விருந்து, பயணம் எதுவும் வைக்காதீர்கள். ஒரே ஆள், ஒரே நேரத்துச் சாப்பாடு, ஒரே படுக்கை. ஆறாவது வாரம் அவள் கேட்க மறந்தாள். அன்று லைட்டையும் அவளே அணைத்தாள்.

குழந்தை வேறு மாநிலத்திலிருந்தும் வரலாம், மொழி தெரியாமல் வரலாம். நாங்கள் வீட்டில் ஆங்கிலமும் அந்த நாட்டு மொழியும் கலந்து பேசிப் பழகியவர்கள். அவளுக்காகத் தமிழுக்குத் திரும்பினோம்.

ஆட்சியர் உத்தரவு

இணையத்தில் கிடைக்கும் பல பழைய குறிப்புகள் குடும்ப நீதிமன்றம், வக்கீல் என்று சொல்லும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 2021 திருத்தம் 2022 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு உத்தரவு தருபவர் மாவட்ட ஆட்சியர். மனுவைக் குழந்தையைப் பராமரித்த தத்து நிறுவனமே தாக்கல் செய்யும். குழந்தை இருந்த இல்லம் எந்த மாவட்டமோ அந்த மாவட்ட ஆட்சியரிடம் போக வேண்டும். சென்னைக் குழந்தை என்றால் ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகை. எங்களுக்கு வேறு மாவட்டம், இரண்டு முறை ரயிலில் போய்வந்தோம்.

விசாரணை தனியறையில் நடக்கும். இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். குழந்தையின் வயதுக்கும் புரிதலுக்கும் ஏற்ப அதன் விருப்பத்தைக் கேட்க வேண்டும். தத்துக்காக நீங்கள் யாருக்கும் பணம் கொடுக்கவில்லை என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். அனுமதிக்கப்பட்ட கட்டணம் மட்டும் விலக்கு. வெளிநாட்டுத் தத்தில் குழந்தைப் பராமரிப்புத் தொகை 5,000 அமெரிக்க டாலர். அதைத் தத்து நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் கட்டி ரசீது வாங்க வேண்டும். அதற்கு மேல் "நன்கொடை" என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

பிறப்புச் சான்று, பாஸ்போர்ட், குடியுரிமை

உத்தரவு வந்ததும் கையில் வாங்கி, எழுந்து வருவதற்கு முன்பே பெயர், பிறந்த தேதி, எழுத்துக்கூட்டல் மூன்றையும் சரிபாருங்கள். பிறகு பெற்றோராக உங்கள் பெயரோடு புதிய பிறப்புச் சான்று வாங்க வேண்டும். ஹேக் உடன்படிக்கையின் 23ஆவது பிரிவின்படி காரா தரும் ஒத்திசைவுச் சான்று, மற்ற ஹேக் நாடுகளில் உங்கள் தத்தை அங்கீகரிக்க வைக்கும் தாள். இரண்டின் அசலையும் பத்திரமாக வையுங்கள்.

தத்தெடுத்தவுடன் உங்கள் பிள்ளை உங்கள் நாட்டுக் குடிமகள் ஆகிவிடுவதில்லை. அந்தக் குடியுரிமை கிடைக்கும் வரை அவள் இந்தியக் குடிமகள், அவளுக்கு இந்தியப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் சேவை மையங்களில் விண்ணப்பிக்கலாம். பெற்றோர் இருவரும் வெளிநாட்டவர் என்பதால் கேள்வி எழும், அண்ணா சாலை ராயலா டவர்ஸ் மண்டல அலுவலகத்துக்கும் போக நேரிடலாம். ஆட்சியர் உத்தரவு, காராவின் சான்று, பிறப்புச் சான்று மூன்றும் அசலாகக் கையில் இருக்கட்டும்.

அதே வேகத்தில் உங்கள் நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பியுங்கள். கிடைத்ததும் அதன் பிரதி காராவுக்கும் தத்து நிறுவனத்துக்கும் போக வேண்டும். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை இல்லை என்பதால் புதிய குடியுரிமை வந்ததும் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, ஓ.சி.ஐ. கார்டு எடுக்க வேண்டும். எங்கள் வக்கீல் நண்பர் கேட்ட கேள்விக்கு இங்கேதான் பதில் கிடைத்தது. இந்த வேலை முடியும் வரை வேலை மாற்றம், நாடு மாற்றம் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். என் கணவர் ஒரு நல்ல பதவியை ஒன்பது மாதம் தள்ளிவைத்தார்.

சொந்தத்தில் தத்தெடுப்பவர்களுக்கு

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் இங்குள்ள பிள்ளையைத் தத்தெடுக்க இளைஞர் நீதிச் சட்டத்தின் 60ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் சட்டத்தில் "உறவினர்" என்பதற்கு எல்லை உண்டு: பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி, இரு பக்கத்துத் தாத்தா பாட்டி. நம் வீடுகளில் ஒன்றுவிட்ட அக்கா பிள்ளையும் சொந்தப் பிள்ளைதான், சட்டத்துக்கு அப்படி இல்லை. குழந்தைக்கு நீங்கள் அந்தப் பட்டியலில் யார் என்று பாருங்கள். இதற்கும் ஆட்சியர் உத்தரவும் காராவின் சான்றும் தேவை.

அடுத்த இரண்டு வருடம்

தத்தெடுத்த பின் இரண்டு வருடம் சமூகப் பணியாளர் வந்து பார்த்து அறிக்கை தருவார். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் வருடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இடையில் இந்தியாவை விட்டுப் போனால் காராவுக்கும் தூதரகத்துக்கும் முன்கூட்டியே எழுதுங்கள், அறிக்கை அங்கிருந்து தொடரும். இந்த வருகைகளைச் சோதனையாக நினைக்காதீர்கள். பள்ளியில் ஒரு பிள்ளை அவளை ஏதோ சொன்னதை என்னிடம் சொல்லாமல் சமூகப் பணியாளரிடம்தான் முதலில் சொன்னாள்.

கடைசியாக, கோப்பு. பின்னணி அறிக்கை, உடல்நல அறிக்கை, உத்தரவு, சான்றுகள், இல்லத்தில் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வையுங்கள், ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். பிள்ளை வளர்ந்து தன் வேரைத் தேட விரும்பினால் தத்து நிறுவனம், காரா வழியாகக் கேட்கலாம், 18 வயதுக்குள் என்றால் பெற்றோரோடு சேர்ந்து. அவள் சார்பில் மூன்றாம் நபர் தேட அனுமதி இல்லை. எங்கள் வீட்டில் அந்தக் கோப்பு நீல நிறம், அலமாரியின் கீழ்த்தட்டில் அவள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. இப்போதைக்கு அவள் அதிலிருந்து எடுப்பது ஒரே ஒரு படத்தைத்தான்: இல்லத்து வாசலில், கையில் பிளாஸ்டிக் வாளியோடு அவள் நிற்கும் படம். அந்த வாளியின் நிறம் பச்சையா நீலமா என்று அத்தையோடு சண்டை போடுகிறாள்.